மூன்றாம் வளைவுக்கு மேல் போகவில்லை

ஓடிப்போனாள் என்று சொல்கிறார்களே, சொல்கிறவர்கள் அவள் முழங்காலை ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்களா? நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவள் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து, முன்னும் பின்னும் ஒருமுறை ஆடிக்கொள்ள வேண்டும். அவளா ஓடினாள்? ஐம்பத்தெட்டு வயதில், காலை பத்து மணிக்கு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க நடந்துபோனவளை ஓடிப்போனாள் என்று சொல்லத் தனியாக ஒரு வாய் வேண்டும். அந்த வாய் சலவைக்கடைக்காரியிடம் இருக்கிறது.

"புருஷனுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்கூட முழுசா முடியல. விட்டுட்டுப் போறா பாரு, இவளும் ஒரு பொம்பள" என்று அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்குப் போனபோது அது புருஷனோடு பெரிய சண்டை என்று ஆகிவிட்டது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தம்பியோடும் சண்டை, கடைசியில் தலையே கழன்றுவிட்டது என்று முடிந்தது. ஒரே தெருவின் நீளத்துக்குள் பாவம் ஒருத்தி மூன்று விதமாகக் கெட்டுப்போனாள்.

நடந்தது அது இல்லை. இல்லவே இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவள் புருஷனுடைய மாத்திரை டப்பாக்களுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நூல் கட்டிவைத்துவிட்டா போவாள்?

அவளைப் பலகைக்காரி என்றுதான் ஊர் கூப்பிடும். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு, கதவை ஒட்டி ஒற்றை அறை அலுவலகம், அலுவலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை. பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் நான்கு வரி நிரந்தரமாக எழுதியிருக்கும்: கீழ்ப்பாதை, மூன்றாம் வளைவு, கணவாய், உச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய நிலவரத்தைச் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும். அதற்கும் கீழே ஐந்தாவதாக ஒரு வரி: "இன்று நேரில் பார்த்தது எதுவரை". இந்த ஐந்தாவது வரியை யார் எதற்காகப் போட்டார்களோ தெரியாது. மற்ற மலைகளில் அதை அப்படியே காலியாக விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. இவள் விட்டதில்லை. முப்பத்தொரு வசந்தம் விட்டதில்லை.

வசந்தம் என்றால் எல்லோருக்கும் பூ ஞாபகம் வரும். அவளுக்கு மேலே கிடக்கிற பனிதான். குளிர்காலத்தில் யாரும் மேலே போகிறதில்லை, கோடையில் யார் வேண்டுமானாலும் போகலாம், நடுவில் இருக்கிற இந்த ஏழெட்டு வாரம்தான் ஆளை ஏமாற்றுகிற காலம். கீழே கதவோரம் மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும், வருகிறவர்கள் அரைக்கைச் சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள், கொஞ்ச தூரத்துக்குச் சேறு, அவ்வளவுதான் என்று தோன்றும். மேலே போனால் குளிர்காலத்துப் பனி அத்தனையும் அப்படியே உட்கார்ந்திருக்கும். விடிகாலையில் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். எட்டு மணிக்கு மேல் காலைப் பிடித்துக்கொள்ளும், நடக்கச் சுகமாக இருக்கும். உச்சிவெயில் வந்துவிட்டால் கூழாகிவிடும், தொடைவரை உள்ளே போகும். பனிக்கு அடியில் ஓடை உருகி ஓட ஆரம்பித்திருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே கூடாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மலைக்கே தெரியாது.

இதையெல்லாம் பார்த்து எழுதுவதுதான் அவள் வேலை. நாலு மணிக்கு எழுந்து, இருட்டிலேயே கதவைத் தாண்டி, அடையாளக் கோடு போட்ட இரும்புக் கம்பி ஒன்றோடு ஏறுவாள். பனியை முதலில் முஷ்டியால் குத்திப் பார்ப்பாள். முஷ்டி போனால் கூழ். போகாவிட்டால் நாலு விரல், அதுவும் போகாவிட்டால் ஒரு விரல், அப்புறம் பென்சில், கடைசியில் ரொட்டி அறுக்கிற கத்தி. கத்தியும் போகாத நாளில், காலணியில் இரும்பு முள் மாட்டாமல் ஒருவரும் ஏறக் கூடாது என்று எழுதுவாள். அந்தக் கத்தியைத்தான் வீட்டில் ரொட்டிக்கும் வைத்திருந்தாள். "ஊரே மலையப் பாத்துட்டு வந்து ரொட்டி சாப்பிடுது, நான் மலையக் குத்தின கத்தியால சாப்பிடுறேன்" என்று புருஷன் சொல்லுவார்.

வயது இருந்த நாளில் உச்சிவரை போய்ப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவாள். நாற்பத்தைந்துக்கு மேல் கணவாயோடு நின்றுகொண்டாள். உச்சிக்கு எதிரே "போகவில்லை" என்று எழுதினாள். ஐம்பத்துமூன்றில் வலது முழங்கால் பழுதாயிற்று, இடது அதற்குத் துணை போயிற்று. ஏறுவதில் அவளுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, இறங்குவதுதான். ஒவ்வொரு படிக்கும் முழங்காலுக்குள் யாரோ கல்லை வைத்து அரைக்கிற மாதிரி இருக்கும். போன வருஷத்திலிருந்து மூன்றாம் வளைவோடு சரி. அங்கே ஒரு கொட்டகை இருக்கிறது, அதன் தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். பலகையில் இரண்டு வரிக்கு "போகவில்லை". ஐந்தாவது வரியில் மூன்றாம் வளைவு.

"அடுத்த வருஷம் உன் வீட்டு அடுப்படி வரைக்கும்தான் நிலவரம் எழுதுவ போல" என்று பஸ் கண்டக்டர் கேலி பண்ணுவார். அவள் சிரித்துக்கொள்வாள். வேறு என்ன செய்வது.

கஷ்டம் தம்பிக்குத்தான். அவள் தம்பி கதவுக்கு எதிர்ச்சாரியில் பன்னிரண்டு அறை உள்ள விடுதி நடத்துகிறவன். கெட்டவன் இல்லை. அக்காவுக்குக் காலுக்குத் தடவ எண்ணெய் வாங்கி வருவான், அலுவலகத்து ஒழுகலை அவனே ஏறி அடைத்துக் கொடுப்பான். ஆனால் வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, பலகையைப் பார்த்து, இரண்டு "போகவில்லை"யைப் படித்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போவதை எத்தனை நாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்?

"அக்கா, வானிலை அறிக்கை வருதுல்ல. அதப் பாத்து எழுதேன்."

"அது வானத்தைப் பத்திச் சொல்லுதுடா. தரையப் பத்திச் சொல்லல."

"உன் மேலதிகாரி கணவாய்ல கேமரா வைக்கிறேங்கிறாரு. அதுல பாத்துக்கலாம்."

"போன தடவை மாட்டிக் காட்டினாரே, நீயும் நின்னு பாத்தல்ல. என்ன தெரிஞ்சுது?"

"பனி தெரிஞ்சுது."

"கல்லா இருந்தாலும் வெள்ளை, கூழா இருந்தாலும் வெள்ளை. கேமரா என்ன கைய விட்டுக் குத்திப் பாக்குமா?"

அவன் போய்விடுவான். அடுத்த நாள் திரும்ப வருவான். இப்படியே இந்த வசந்தத்தில் இரண்டு வாரம் ஓடியது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின மூன்று நாளும் மழை. கீழ்ப்பாதை முழுக்கச் சேறு. சேற்றில் வழுக்கி வழுக்கி முழங்கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. செவ்வாய் விடிகாலையில் மழை விட்டு, வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவள் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் வளைவைத் தாண்டி, இரண்டாவதற்குப் போகிற வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் கால் மணி நேரம் அங்கேயே இருந்தாள். அழக்கூட இல்லை. அலுப்பு. முப்பத்தொரு வருஷத்து அலுப்பு ஒரே கல்லில் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்தே திரும்பினாள்.

தம்பி அலுவலகத்தில் தேநீரோடு காத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எதுவரைக்கும் போன?"

"ரெண்டாம் வளைவுக்கும் போகல."

"இதோ பாரு அக்கா" என்று அவன் மெதுவாகத்தான் சொன்னான். "மழை விட்டு ராத்திரி குளிர்ந்துச்சு. வானம் தெளிஞ்சிருக்கு. இப்படி ஒரு காலையில மேல எப்படி இருக்கும்? கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு."

அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினால் தெரியும். எத்தனை வருஷம் இதே மாதிரிக் காலையில் அங்கே நின்றிருக்கிறாள். சுண்ணக்கட்டியை எடுத்து, நின்றவாக்கில் எழுதினாள். கணவாய்: பனி கெட்டி, பதினொரு மணிக்குள் இறங்கிவிடவும். உச்சி: போகலாம், காற்று மிதம். ஐந்தாவது வரிக்கு வந்தபோது கை நின்றது. அதைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பார்த்தேன் என்று எழுதவில்லையே என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேர் வந்தார்கள். அக்கா தங்கை இரண்டு பேர், தங்கையின் புருஷன் ஒரு பல் டாக்டர். மூவருக்கும் நாற்பதுக்குள் இருக்கும். பலகையை நன்றாகப் படித்தார்கள். மூத்தவள் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏம்மா, இது நீங்க பாத்துட்டு வந்து எழுதினதா?" என்று கேட்டாள்.

பலகைக்காரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டல்தான் அவளைத் தின்றது.

அவர்கள் கதவைத் தாண்டிப் போனபின் அவள் கெட்டிலை வைத்தாள், தண்ணீர் கொதித்து அடங்கிற்று, ஊற்ற மறந்துவிட்டாள். கணவாய்க்குக் கீழே ஓடை குறுக்கே வருகிற இடம் ஒன்று உண்டு. மூன்று நாள் மழை என்றால் அந்த ஓடை எவ்வளவு பெருகியிருக்கும், மேலே மூடியிருக்கிற பனியை உள்ளிருந்து எவ்வளவு தின்றிருக்கும்? கண்ணை மூடிப் பார்த்தபோது இது ஏன் தெரியவில்லை? கணவாய்வரை போய்க்கொண்டிருந்த வருஷங்களில் அங்கே கம்பியை இறக்கிப் பார்ப்பாள், கம்பி திடுக்கென்று போனால் ஓடைக்கு மேல்புறமாகச் சுற்றிப் போகச் சொல்லி எழுதுவாள். இன்று எழுதவில்லை.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. இறங்கி வருகிறவர்கள் யாரும் இல்லை. இரண்டு மணிக்கு மேகம் வந்து உச்சியை மூடியது, காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டது. எதிரே விடுதி வாசலுக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

"வந்துடுவாங்கக்கா. உச்சியில படம் எடுத்துட்டு நிப்பாங்க."

"ஓடைய எழுதலடா நான்."

"எந்த ஓடை?"

 ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, அவள் கம்பியை ஊன்றிக்கொண்டு கதவைத் தாண்டினாள். முதல் வளைவுவரைதான் போக முடிந்தது. அங்கே ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அனுப்பிய விடுதி ஆட்கள் இரண்டு பேர் அவளைத் தாண்டி ஏறிப் போனார்கள். மூன்று மணி, நாலு மணி. சேற்றில் ஒரு கால் வைக்கிற சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கும்பிட்டாளா, வேண்டிக்கொண்டாளா என்று கேட்டால், இல்லை. அந்த மூன்று பேருடைய முகத்தையும் மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டருக்கு மூக்கில் ஒரு மச்சம் இருந்தது.

ஐந்தரைக்கு விடுதி ஆட்களோடு அவர்கள் இறங்கி வந்தார்கள். மூன்று பேரும். மூத்தவளுக்கு இடுப்புவரை நனைந்து, உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஓடைக்கு மேல பனி உள்ள பொத்தலா இருந்திருக்கும்மா" என்று அவளே சொன்னாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "போகும்போது தாங்கிச்சு. திரும்பும்போது இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன். தண்ணி காலை இழுக்குது. இவர் வெளிய இழுக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு."

பலகைக்காரி தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள். 

"ஆனா மத்தபடி நீங்க எழுதினது அப்படியே இருந்துச்சும்மா. காத்துகூட. நீங்க பாத்துட்டுச் சொன்னதால நம்பிப் போனோம், இல்லன்னா நாங்க எங்க உச்சிக்குப் போகப்போறோம்" என்று சொல்லி, பையில் மிச்சமிருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்றை அவள் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

அவள் வீடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தரைத்தளத்தில் இரண்டு அறை. புருஷன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இதே மலையடிவாரத் தடத்தில் முப்பது வருஷம் ஓட்டியவர். ஆபரேஷனுக்குப் பிறகு மேட்டில் ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அன்று முட்டை பொரித்து, மூடிவைத்துக் காத்திருந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார்.

"மூணு பேரும் வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டாங்க."

"அப்புறம் என்ன. சாப்பிடு."

"ஏங்க, நீங்க ஒருநாள் ரோட்டைப் பாக்காம ஓட்டி, எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்கன்னா, அது சரியா ஓட்டினதா ஆயிடுமா?"

அவர் அவளுடைய தட்டையும் மூடிவைத்துவிட்டார். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவள் எங்கும் ஏறவில்லை. பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நான்கு வரிக்கும் "போகவில்லை" என்று எழுதினாள். ஐந்தாவது வரியில் பெரிய எழுத்தில் இப்படி எழுதினாள்: "நேற்று எழுதியது நேரில் பார்த்து எழுதியது அல்ல. தவறு என்னுடையது." பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். சலவைக்கடைக்காரி கடையைப் பூட்டிக்கொண்டு வந்து படித்தாள். வேலையை ஒழுங்காகப் பார்க்காமல் சம்பளம் வாங்கினவள் என்ற பேச்சு அன்றுதான் பிறந்தது. தம்பி முகம் கறுத்துப்போய் வந்தான்.

"யாரு கேட்டாங்க உன்னை? அவங்களே நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீயே ஊரைக் கூட்டி உன் மானத்தையும் என் மானத்தையும் பலகையில தொங்கவிட்டிருக்க."

"உன் பேரை நான் எழுதலடா."

"எழுதியிருக்கலாம்" என்றான் அவன். பலகையைத் திரும்பிப் பார்த்தான். "நான்தானே எழுதச் சொன்னேன்."

 சுண்ணக்கட்டி தன் கையில்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மேலதிகாரி தொலைபேசியில் பேசினார். வயதாகிவிட்டது, கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள், கேமராவை வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம் என்றார். தப்பான பேச்சு என்று சொல்ல முடியாது. அவள் சரி என்று சொல்லிவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் இந்தத் தெருவுக்குப் பேசவே ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு நாள் அவளும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தாள். ஆனால் கேமரா பார்த்து ஒருவர் எழுதுவார், பஸ்ஸில் வருகிற யாரோ ஜன்னலில் தலையை நீட்டி, பாத்துட்டு எழுதினதா என்று கேட்பார்கள், உள்ளே இருப்பவரும் தலையை ஆட்டுவார். இதை நினைத்தால் அவளுக்கு ரொட்டி இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே மேலதிகாரியைக் கூப்பிட்டாள். கணவாயில் ஒரு குடில் இருக்கிறதே, கோடையில் காவலாள் தங்குகிறது, இப்போது பூட்டித்தானே கிடக்கிறது என்று கேட்டாள். இறங்குவதுதானே காலைக் கொல்கிறது. ஒருமுறை ஏறிவிட்டால் அங்கிருந்து ஓடை முக்கால் மணி, அதுவும் மெல்லிய சரிவு. கூரையோரத்திலிருந்து பார்த்தால் உச்சி கண்ணுக்கெதிரே. தினமும் கம்பியோடு போய்ப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் சொன்னால், கீழே யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளட்டும். பனி முழுக்க உருகின பிறகு ஒரே ஒரு முறை இறங்கினால் போதும். மேலதிகாரி தயங்கினார். அந்தக் குடிலில் வசந்தகாலத்தில் தங்க இதுவரை ஒரு ஆளும் சம்மதித்ததில்லை. இரவில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். கடைசியில், உங்கள் பொறுப்பு என்று சொல்லிச் சம்மதித்தார்.

புருஷனிடம் சொல்வதுதான் பெரிய மலை.

"எத்தனை நாளு?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு வாரம். ஆறு ஆனாலும் ஆகும்."

"நான் அங்க ஏறி வர முடியாதே."

"தெரியும்."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னாகூட நான் கதவுகிட்டதான் நிக்க முடியும்."

அதற்கும் தெரியும் என்றாள்.  அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் திரும்புகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது டிரைவர் வளைவில் கியரை நெரித்தான், அவருக்குப் பல் கூசியது.

"வேண்டாம்னு சொன்னா இருந்துடுவியா?"

"இருந்துடுவேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுதான் அவர்கள் போட்ட சண்டை. ரொட்டிக்கடையில் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த இரண்டு நாளும் அவள் மாத்திரை டப்பாவுக்கு நூல் கட்டினாள். காலைக்குச் சிவப்பு, மத்தியானத்துக்குப் பச்சை, மாலைக்கு மஞ்சள். "முப்பது வருஷம் சிக்னல் பாத்து வண்டி ஓட்டினவனுக்கே கலர் காட்டுறியா" என்றார். தம்பி மனைவி தினம் இரண்டு வேளை சாப்பாடு கொண்டுவருவதாக ஏற்பாடு. தம்பியும் அவன் ஆட்களும் மாவு, எண்ணெய், மண்ணெண்ணெய், கம்பளி எல்லாவற்றையும் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்க் குடிலில் வைத்துவிட்டு வந்தார்கள். அதைத் தெருவில் யாரும் பேசவில்லை, கவனித்தீர்களா.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினாள். மற்றவர்களுக்குக் கணவாய் இரண்டு மணி நேரம், அவளுக்கு ஒரு நாளில் ஆகாது. மூன்றாம் வளைவுக் கொட்டகையில் படுத்து, மறுநாள் விடிகாலையில் பனி கெட்டியாக இருக்கும்போதே ஓடையை மேல்புறமாகச் சுற்றிக் கடந்துவிட வேண்டும் என்று கணக்கு. வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முழங்கால் மடங்காததால் பூட்ஸுக்கு எட்டவில்லை. புருஷன் தரையில் உட்கார்ந்து கயிறு கட்டிவிட்டார். எதிர்ச்சாரியில் இஸ்திரி நின்றது.

"இறுக்கமா இருக்கா?"

"வலதுல கொஞ்சம் தளத்துங்க."

தளர்த்தினார். மறுபடி கட்டினார். முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, கயிற்றின் நுனியை பூட்ஸுக்குள் செருகினார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி, எழுந்தாள். எழுந்தபின் அவரும் எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மத்தியானம் மாத்திரைய மறந்துடாதீங்க."

"பச்சை."

"ம். போயிட்டு வரேன்."

"காலையில ஏழு மணிக்கு நான் ஆபீஸ்ல வந்து உக்காந்திருப்பேன். வயர்லெஸ்ல நீ சொல்லு, நானே பலகையில எழுதுறேன்" என்றார் அவர். "என் எழுத்து கோணலா இருக்கும். இருக்கட்டும்."

 அவள் கம்பியை ஊன்றி, நல்ல கால் எது என்று ஒரு கணம் யோசித்து, இடது காலை வாசலுக்கு வெளியே வைத்தாள்.